நேரல் கோழி

நேரல்
6.10.2024

பிரியமுள்ள தங்கை ஜெபசெல்விக்கு,

அண்ணன் ராஜகுமார் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மைனி விஜயராணியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் பிள்ளை, என் மருமகன் பாபுவும் சுகந்தானே? முட்டுவலிக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா?

ஒரே ரயில் லைனில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. போன மாதத்தோடு இடது காதும் போய்விட்டது. மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். டிராம்பே கம்பெனியில் கம்ப்ரசர் ரூமில் கிடந்ததற்குச் சம்பளத்தோடு செவிடும் சேர்த்துக் கொடுத்தார்கள். நீ போனில் பேசுவதை உன் மைனி பாதி சொல்கிறாள், மீதியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறாள். என் பட்டன் போனில் எழுத்து அடிக்க விரல் வணங்கவில்லை. அதனால் தௌசீப் டெம்போவில் கோழியோடு கடிதமும் வரும். பதிலையும் அவனிடமே கொடு.

இனி விஷயம். மக்காச்சோளம் நமக்கு எட்டாது போலிருக்கிறது. பெட்ரோலில் கலக்க ஸ்பிரிட் காய்ச்சுகிறவர்கள் சோளத்தை லாரி லாரியாக வாரிக்கொண்டு போகிறார்கள். கார் குடித்தது போக மிஞ்சின சக்கைதான் கோழிக்கு. பெரிய கம்பெனிக்காரன் தாங்குவான். இரண்டு ஷெட் வைத்திருக்கிற நான் என்ன செய்ய? கால்நடை டாக்டரைப் பார்த்தேன். குருணையும் தவிடும் கொடு, அந்த ஆலைச் சக்கையையும் கொஞ்சம் சேர், ஆனால் என்சைம் பவுடர் கலக்காமல் கொடுக்காதே என்று தாளில் எழுதிக் காட்டினார். தவிட்டில் சத்து இருக்கிறது, ஆனால் கோழி வயிற்றால் அதை உடைத்து எடுக்க முடியாது. அப்படியே எச்சத்தில் போய்விடும். இந்தப் பவுடர் உள்ளே போய் உடைத்துக் கொடுக்குமாம். மாவு புளிக்க வைக்கிற மாதிரி புளிக்க வைத்துத்தான் இதை எடுக்கிறார்களாம். உங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையில் புரிந்துவிடும். ஷெட்டில் நாங்கள் அதை மருந்து என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் கோழி முழுக்க உன் கடைக்குத்தான் வருகிறது. நீ எடுக்கிறவரைக்கும் இந்த ஷெட் உண்டு, நீ விட்டால் அன்றைக்கே பூட்டு. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எழுதிவைத்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

காது போனதில் இங்கே பெரிய நஷ்டம் இல்லை. பிராய்லர் என்ன கூவவா போகிறது? கூவுகிற வயசுக்கு நாம் விட்டால்தானே!

உன் அன்பு அண்ணன்
ராஜகுமார்

---

தாராவி
12.10.2024

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

ஜெபா எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்களுக்கும் மைனிக்கும் ஆண்டவர் நல்ல பெலன் தரட்டும். எண்ணெய் தேய்க்கிறேன், பாட்டிலில் பாதிதான் இருக்கிறது, நம்பாவிட்டால் வந்து பாருங்கள்.

கடிதத்தைப் பாபுவிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே கொட்டாவி விட்டான். "மம்மி, மாமா கைக்கு இத்னா லம்பா லிக்தா ஹை?" என்கிறான், மாமா ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறார் என்று. தமிழ் எழுத்து அவனுக்குப் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிகிறதாம். பெற்ற எனக்குத்தான் வெட்கம். ஆக இந்தக் கடிதங்கள் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான், எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

காது போனதற்கு இவ்வளவு வருத்தப்படாதீர்கள். உங்களுக்குக் காது எதற்கு? போன தடவை வந்தபோது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, நான் பாதி சொல்லுமுன்னே பதில் சொல்லிவிட்டீர்கள். பாபு அப்பா இருந்த காலத்தில், மைனியைப் பற்றி இவர் தன் தங்கையிடம் முணுமுணுத்ததை அடுக்களை வாசலில் நின்று படித்துவிட்டீர்களே, அன்றைக்கு இவர் முகம் போன போக்கு! கொரோனாவில் ஊரே மாஸ்க் போட்டபோதுதான் நீங்கள் நிஜமாகச் செவிடாகிப்போனீர்கள். இனிமேல் உங்களுக்குத் தெரியாமல் பேசவேண்டும் என்றால் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

கோழி விஷயத்தில் என்னிடம் எதற்கு இவ்வளவு விளக்கம்? இவர் கண்ணை மூடினபிறகு, கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் ஒருத்தர்தான் ஒரு டெம்போ கோழியை இறக்கிவிட்டு, "வித்துட்டு அப்புறம் அழு புள்ள" என்றீர்கள். அதை மறந்தால் நான் மனுஷியா? நீங்கள் தவிடு போடுங்கள், தங்கம் போடுங்கள், நான் எடுப்பேன். தெருவில் இப்போது "நேரல் கோழி இருக்கா" என்றே கேட்டு வருகிறார்கள்.

உங்கள் பிரியமுள்ள தங்கை
ஜெபா

---

நேரல்
27.10.2024

அருமைத் தங்கை ஜெபாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். மைனி உனக்கு ஒரு டப்பா எள்ளுருண்டை கட்டியிருக்கிறாள், தௌசீப் வழியில் தின்றுவிடாமல் இருந்தால் உனக்கு வந்து சேரும்.

புதுத் தீவனம் ஓடுகிறது. முதல் வாரம் எச்சம் பிசுபிசு என்று ஒட்டி, கீழே போட்ட உமியெல்லாம் நனைந்துவிட்டது. நான் பயந்துபோனேன். டாக்டர் வந்து பார்த்து, மருந்தை நேரே குவியலில் கொட்டினால் ஒரு மூலைக்கு எல்லாம் போய்விடும், முதலில் ஒரு கூடைத் தவிட்டில் பிசறிவிட்டு, அதைப் பிறகு குவியலில் சேர் என்றார். வெயில் படுகிற இடத்தில் வைத்ததற்கும் திட்டு வாங்கினேன். சூடு பட்டால் மருந்து செத்துவிடுமாம். இப்போது உமி காய்ந்து கிடக்கிறது, கோழியும் தின்கிற வேகம் நன்றாயிருக்கிறது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலும் கொழுப்பும் வெளுத்திருக்கும். மஞ்சள் நிறம் சோளத்திலிருந்து வருவது. குருணையில் அது கிடையாது. கோழிக்குச் சீக்கு ஒன்றுமில்லை, கறியின் ருசியும் போகாது, பார்வைக்குத்தான் வெள்ளை.

அதற்கும் டாக்டர் ஒரு வழி சொன்னார். கேந்திப் பூவை, செண்டுமல்லி என்பார்களே, அதைக் காயவைத்து நுணுக்கிப் போட்டால் கொஞ்சம் மஞ்சள் ஏறுமாம். தீபாவளி முடிந்த மறுநாள் தாதர் பூ மார்க்கெட்டில் கேந்தி மலையாகக் குப்பையில் கிடக்குமே! நாலைந்து சாக்கில் அள்ளி தௌசீப்பின் காலி டெம்போவில் போட்டுவிடு. இங்கே ஷெட் நிழலில் உலர்த்திக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
ராஜகுமார்

---

தாராவி
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மைனியின் எள்ளுருண்டை ஒன்று குறையாமல் வந்தது, தௌசீப் நல்ல பையன்.

பூ வந்து சேர்ந்ததா? உங்களால் என் மானம் தாதரில் போயிற்று. சர்ச் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர், வெள்ளைப் புடவையோடு மார்க்கெட் குப்பையில் குனிந்து பூ அள்ளிக்கொண்டிருக்கிறாள். பூக்காரி ஒருத்தி, "பாயி, தேவாலா கா?" என்று மராத்தியில் கேட்டாள், சாமிக்கா அம்மா என்று. ஆமாம் கோழிச்சாமிக்கு என்றேன். சாக்கைத் தூக்கும்போது அவளே ஒரு கை பிடித்தாள். இனி ஒவ்வொரு வாரமும் அனுப்புகிறேன், கவலை வேண்டாம். ஒரு வேலையில் இறங்கினால் நான் பாதியில் விடுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளைக் கால் கோழி வந்தது. நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. ரெண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "ஏக்கா, ரத்தமே இல்லாத மாதிரி இருக்கே, சீக்குக் கோழியா?" என்று கேட்டார்கள். கூட்ட நேரம். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாக் கோழியும் எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஜெபா

---

நேரல்
15.12.2024

பிரியமான ஜெபாவுக்கு,

வருகிற பண்டிகையின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். எனக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி நலம்.

நீ அனுப்பிய பூ வீண் போகவில்லை. கிறிஸ்துமஸ் பேட்ச்சில் கால் மஞ்சள் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சோளம் தின்ற கோழி மாதிரி இல்லை என்றாலும் வெள்ளை என்று யாரும் சொல்லமுடியாது. எடையும் நன்றாக வந்திருக்கிறது. டாக்டர் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அவர் என்ன சொன்னார் என்று நான் வாயைப் பார்க்கவில்லை, அந்தத் தட்டே போதும் என்றிருந்தது. கம்பெனியில் காதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினபிறகு, நான் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தேன் என்று யாரும் என்னைத் தட்டினதில்லை.

இரண்டு ஷெட்டும் உனக்கே வருகிறது. வியாபாரி ஒருவன் வந்து கேட்டான், என் தங்கச்சிக்கு என்று எழுதிக் காட்டி அனுப்பிவிட்டேன். தௌசீப் 23ஆம் தேதி முதல் லோடு கொண்டுவருவான்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கடையை மூடிவிட்டு நீயும் பாபுவும் கர்ஜத் லோக்கல் பிடித்து வந்துவிடுங்கள். மைனி இப்போதே முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள்.

உன் அண்ணன்
ராஜகுமார்

---

தாராவி
10.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். இருமலுக்கு மாத்திரை சாப்பிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை. பாபுவுக்குச் சளி. கடையிலும் வேலை. பண்டிகை நல்லபடியாக நடந்தது. மைனியின் முறுக்கு தௌசீப் கொண்டுவந்து கொடுத்தான், நன்றாயிருந்தது.

அடுத்த லோடு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். நான் சொல்கிறேன். பூ மார்க்கெட்டுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

இங்கே குளிர் அதிகம்.

ஜெபா

---

நேரல்
19.1.2025

அன்புத் தங்கைக்கு,

உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? குளிருக்கு அதிகமாகும், ஜாக்கிரதை.

ஜெபா, உன் கடிதத்தை மூன்று நாள் வைத்து வைத்துப் படித்தேன். அதில் கோழியைப் பற்றி ஒன்றுமே இல்லை. 23ஆம் தேதி போன லோடு அப்படியே கூண்டோடு திரும்பி வந்தது. டெம்போவிலேயே பாதி செத்திருந்தது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, வாசலில் கூட்டம், அக்கா கையை ஆட்டிப் போ போ என்றார்கள் என்று தௌசீப் விஜயராணியிடம் சொல்லியிருக்கிறான். மிச்சக் கோழியை வியாபாரி வந்து அவன் சொன்ன பேச்சுக்கு ஏற்றிக்கொண்டு போனான். பேரம் பேசினாலும் அவன் சொல்வது எனக்குக் கேட்கவா போகிறது?

நேரல் பண்ணைக் கோழிக்கு மருந்து போடுகிறார்கள் என்று தாராவி முழுக்கப் பேச்சாம். இந்த வார்த்தை அங்கே எப்படி வந்தது? இதை முதலில் சொன்னது யார்? உனக்குத் தெரியுமா?

தெரிந்தால் எழுது. யாராயிருந்தாலும் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. டாக்டரையும் அந்தப் பவுடர் பாக்கெட்டையும் கூட்டிக்கொண்டு வந்து உன் கடை வாசலிலேயே நின்று விளக்கிச் சொல்கிறேன். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். குஞ்சு இறக்காமல் ஷெட்டைக் காலியாக வைத்திருக்கிறேன், உன் பதிலைப் பார்த்துத்தான் இறக்கவேண்டும்.

உன் அண்ணன்
ராஜகுமார்

---

தாராவி
16.2.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னால் பக்கத்துச் சாலில், அந்த லைன் வீடுகளில், ஒரு பிள்ளைக்கு வாந்தி. முந்தின நாள் என்ன தின்றதோ, பானிபூரி தின்றதோ, அதை யார் பார்த்தார்கள்? நம் கடைக் கோழி என்று ஆரம்பித்தார்கள். கோழி வெளுத்திருக்கிறது, மருந்து போட்ட கோழி, ஊசி போட்ட கோழி என்று ஆளுக்கு ஒன்று. வாசலில் இருபது முப்பது பேர். ஒருத்தன் தராசைத் தூக்கித் தெருவில் எறிந்தான். இவர் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தேனே, அந்தக் கண்ணாடி உடைந்தது. பாபு நடுங்கிக்கொண்டு உள்ளே நின்றான். நீங்கள் நேரலில் மலைக்காற்று வாங்கிக்கொண்டு, முதலில் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள். யார் சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. மூன்றாம் கடைக்காரனுக்கு நம் மேல் ரொம்ப நாளாகக் கண், அவன் கிளப்பியிருப்பான்.

நானும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஏன் மருந்து என்று எழுதினீர்கள்? என்சைம் என்று எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? நம் ஆட்களிடத்தில் மருந்து என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? கடன்காரன் மருந்து குடித்தான் என்போம். மருமகள் மருந்து வைத்துப் பையனை மயக்கிவிட்டாள் என்போம். நோய்க்குக் கொடுக்கிறதை மாத்திரை என்றல்லவா சொல்லுகிறோம்! இந்தத் தெருவில் முக்கால்வாசி நம் பக்கத்து ஆட்கள். அந்த ஒரு வார்த்தை போதும், கடையைக் கொளுத்த.

நீங்கள் வர வேண்டாம். டாக்டரும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். உங்களைப் பார்த்தால் ஆறினது மறுபடி கிளம்பும். இப்போது தற்காலிகமாகக் கம்பெனிக் கோழி எடுக்கிறேன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான், வயிறு இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கை
ஜெபசெல்வி

---

நேரல்
2.3.2025

தங்கை ஜெபசெல்விக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளை போட்டோ உடைந்தது கேட்டு விஜயராணி அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. கண்ணாடி மாற்றிவிட்டாயா?

நீ சொன்னது சரி. மருந்து என்ற வார்த்தை என் கடிதத்தில்தான் இருந்தது. என் மேல் தப்பு. மாவு புளிக்கிற மாதிரி என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தேன், அந்த வரி யாருக்கும் எட்டவில்லை போலிருக்கிறது.

கம்பெனிக் கோழி எடுப்பதில் தவறில்லை. வயிறு எல்லாருக்கும் உண்டு. இங்கே மிச்சமிருந்த தவிட்டை மாட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். என்சைம் பாக்கெட் மட்டும் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன், பிறகு இதைப் பற்றி எழுதமாட்டேன். அன்றைக்கு உன் கடை வாசலில் யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்களாம். அது எல்லார் போனிலும் சுற்றுகிறதாம். எனக்குப் போட்டுக் காட்டினாலும் சத்தம் கேட்காது. நீ பார்த்திருப்பாய். அதில் யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு எழுது, ஜெபா. எதுவாயிருந்தாலும் எழுது. உன் கையால் எழுதி வந்தால் போதும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அண்ணன்
ராஜகுமார்

---

தாராவி
30.3.2025

என் பாசத்திற்குரிய அருமை அண்ணனுக்கு,

உங்கள் அன்புத் தங்கை ஜெபா எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உங்களோடும் மைனியோடும் என்றும் இருப்பதாக. தினமும் உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். மாட்டுங்காவுக்குப் போயிருந்தேன், உங்களுக்குப் பிடிக்குமே என்று நேந்திரங்காய் வறுவலும் மைனிக்குக் காப்பிப்பொடியும் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன். பாபுவுக்குச் செம்பூரில் ஒரு ஆபீஸில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

நீங்கள் கேட்ட வீடியோ எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதாகவே நான் கேள்விப்படவில்லை. பாபுவிடமும் கேட்டேன், அவனுக்கும் தெரியாது. இந்தக் காலத்தில் ஆயிரம் வீடியோ வரும், எல்லாவற்றையும் மனசில் போட்டுக்கொண்டால் முடியுமா? போனதைப் போகவிடுவோம்.

இது லெந்து நோன்புக் காலம், கறி ஓட்டம் குறைவு. ஈஸ்டர் கழித்து நிலைமை சரியானதும் நானே சொல்கிறேன், மறுபடியும் ஆரம்பிக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கென்று இருக்கிற ஒரே அண்ணன் நீங்கள்தான்.

என்றும் உங்கள்
ஜெபா

---

நேரல்
19.4.2025

ஜெபசெல்விக்கு,

வறுவலும் காப்பிப்பொடியும் வந்தன. விஜயராணி நலம். நானும் நலம்.

நேற்று பெரிய வெள்ளிக்கு உங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ முன்னால் பெண்கள் வரிசையில் இருந்தாய், பக்கவாட்டில் முகம் தெரிந்தது. பிரசங்கம் எனக்குக் கேட்காது, ஆனால் எந்த இடம் வாசிக்கிறார்கள் என்று போதகர் ஐயர் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். தன் ஆண்டவரை யாரென்றே தெரியாது என்று ஒருத்தர் மூன்று தரம் சொன்னதும், உடனே சேவல் கூவினதும், அவர் வெளியே போய் மனங்கசந்து அழுததும் வாசித்தார்கள். நீ கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். அழுதாயா என்று தெரியவில்லை. ஆராதனை முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வீடியோவை நான் டிசம்பர் 24ஆம் தேதியே பார்த்துவிட்டேன். செத்த கோழிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, எனக்குக் காது கேட்காது என்பதை மறந்து தௌசீப் போனை என் முன்னால் நீட்டினான். பிறகு ஞாபகம் வந்து, "ஆவாஸ் நஹீ ஆயேகா நா சாச்சா", உங்களுக்குச் சத்தம் கேட்காதே என்று வெட்கப்பட்டுப் பிடுங்கப் பார்த்தான். நான் விடவில்லை. எனக்குச் சத்தம் எதற்கு? உன் வாயை நான் எத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்! நல்லவேளை நீ தமிழில் பேசினாய். இந்தியில் பேசியிருந்தால் பாதி தப்பியிருக்கும்.

ஒருத்தி கேட்கிறாள், நீதானே போன மாசம் கோழி வெளுத்ததுக்கு மருந்துதான் காரணம், பண்ணையில மருந்து போடுறாங்க, ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னே என்று. நீ அவளைப் பார்த்துவிட்டு போனைப் பார்க்கிறாய். "இது எங்க பண்ணை இல்ல. யாரோ நேரல்காரன் கொண்டுவந்து போடுறான். மருந்து போடுறானோ என்ன எழவு போடுறானோ, அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்கிறாய். தெரியாது என்று சொல்லும்போது உன் உதடு கொஞ்சம் கோணிற்று. சின்ன வயசில் அப்பாவிடம் பொய் சொல்லும்போதும் அப்படித்தான் கோணும்.

அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், வரவில்லை. தராசை எறிகிறார்கள், பிள்ளை உள்ளே நடுங்குகிறான், நான் அந்த இடத்தில் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ. ஒரு வார்த்தை எழுதுவாய், அண்ணா பயத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதுவாய், நானும் போகட்டும் புள்ள என்று எழுதிவிட்டுக் குஞ்சு இறக்கலாம் என்றிருந்தேன். நான் எல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன், தெரியாது என்று எழுதினாய். வீடியோவில் என்ன என்று கேட்டேன், தெரியாது என்று எழுதினாய். அந்த இரண்டு தடவையும் உன் வாசலில் கூட்டம் இல்லை, யாரும் போனை நீட்டவில்லை. நானும் ஒரு வெள்ளைத் தாளும்தான் இருந்தோம்.

ஷெட் தகரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். நானும் விஜயராணியும் வள்ளியூருக்குப் போகிறோம். அவள் தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. விலாசம் அனுப்பவில்லை.

கிறிஸ்துமஸ் பேட்ச்சில் திரும்பி வந்த கூண்டில் ஒரு சேவல் சாகாமல் இருந்தான். அவனை வியாபாரிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கனம் போட்டுக் கால் மடங்கிவிடாமல் அளவாகத் தவிடும், மிச்சமிருந்த உன் தாதர் பூவும் போட்டு வளர்த்தேன். கால் நல்ல மஞ்சளாக இருக்கிறது, வந்து கேட்டவர்களுக்குக் காட்டு. பத்து நாளாகக் கூவுகிறானாம். விஜயராணிதான் சொன்னாள். நான் அவன் கழுத்து நீள்வதையும் வாய் திறப்பதையும் பார்த்ததோடு சரி. இந்தக் கடிதத்தோடு அவனையும் தௌசீப்பிடம் கொடுத்தனுப்புகிறேன். ஈஸ்டர் விடியுமுன் உன் வீட்டில் இருப்பான்.

உனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
யாரோ ஒரு நேரல்காரன்